சாயும் பக்கத்துக்கு முட்டு

பாய்,

இன்று காலையில் பரண்மேல் கையைவிட்டுத் துழாவும்போது ஒரு மஞ்சள் பந்து தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, உள்ளே ஒன்றுமில்லாத லேசான பிளாஸ்டிக் பந்து. அதன் ஓட்டையில் மூங்கில் சிம்பு ஒன்று இன்னும் செருகியபடியே இருந்தது. துடைத்து முகர்ந்து பார்த்தேன். மல்லாட்டைத் தோலின் தூசி வாசனை. பரணைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல்மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கீழிருந்து உங்கள் அண்ணி, "இன்னாய்யா, மேலயே தூங்கிட்டியா?" என்று கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சிலிருக்கும் கோணல்மாணலையெல்லாம் அவளே நிமிர்த்திக்கொள்கிறாள். மல்லாட்டையை வேர்க்கடலை என்று மாற்ற மட்டும் நான் விடவில்லை. நீங்கள் பேசினதையும் உங்கள் அண்ணி பேசினதையும் மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். பந்தை எதற்குத் தேடினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது எண்பத்து மூன்றில், கார்த்திகை மழையில். மரக்காணம் ரோட்டில் ஏரித் தண்ணீர் ஏறி பஸ் நின்றுபோயிருந்தது. தவிட்டு மூட்டை வாங்க நான் வெறும் மாட்டுவண்டியோடு திண்டிவனம் போய்க்கொண்டிருந்தேன். பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, பச்சை டிரங்குப் பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நீங்கள் ரோட்டோரத்தில் நின்றிருந்தீர்கள். கோட்டக்குப்பத்துக்காரர், மாமனார் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்ப வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. "நாளைக்கு ஏரோப்ளேன் அண்ணே. திண்டிவனத்துல பஸ்ஸப் புடிக்கலன்னா பேஜாராயிடும்" என்றீர்கள். ஏறச் சொன்னேன்.

என் பக்கத்தில் உட்காராமல், வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு, போகிற ஊரைப் பார்க்காமல் விட்டு வந்த ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்தீர்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகி எட்டு மாசம் என்று நீங்களே சொன்னபோது தெரிந்துவிட்டது.

சிறுபாலத்துக்குப் பக்கத்தில் வந்தபோது நீங்கள் கத்தினீர்கள். "அண்ணே, சோத்தாங்கைப் பக்கம் சக்கரம் இறங்குது." நான் சட்டென்று மாடுகளைப் பீச்சாங்கைப் பக்கம் ஒடித்தேன். வண்டி நேராகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நீங்கள் திரும்பி உட்கார்ந்திருந்தீர்கள், உங்கள் சோத்தாங்கை எனக்குப் பீச்சாங்கை. அது இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று ஆளுக்கொரு சக்கரத்தில் தோள் கொடுத்துத் தூக்கினோம். நீங்கள் சேறு அப்பின சட்டையோடுதான் பஸ் ஏறினீர்கள். அந்தச் சட்டையோடு ஏரோப்ளேனிலும் ஏறினதாகப் பிற்பாடு சொன்னீர்கள்.

அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போதெல்லாம் என்னைத் தேடி வந்தீர்கள். அரபு தேசத்துத் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெட்டி ஏற்றுகிற கிரேன் ஓட்டுவதாகச் சொன்னீர்கள். பனைமரத்தைப் போல நாலு மடங்கு உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நீங்கள் ஒருத்தர், கீழே எறும்பு மாதிரி ஆட்கள். நான் மாட்டை விற்றுவிட்டு, திண்டிவனத்தை ஒட்டி ஒரு மல்லாட்டை வியாபாரியின் சிமெண்டுக் களத்துக்குக் காவல்காரனாகிவிட்டேன். களத்தின் மூலையிலேயே எங்களுக்கு இரண்டு ரூம் கொடுத்திருந்தார்கள். அங்கேயும் தேடி வந்தீர்கள்.

ரெண்டாயிரத்துப் பத்தில் ஒரேயடியாக வந்துவிட்டீர்கள், திண்டிவனத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்து. சம்பாதித்தது போதும் என்று திரும்பிவிட்டார் என ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஆடி மாசத்தில் ஒருநாள், பொழுது புலர்கிற நேரம், ஆட்டோவில் நீளமான ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். சித்திரை மகசூல் காய்ந்து மூட்டையேறிப் போனபின், அடுத்த மகசூல் வருவதற்கு முன்னால், களம் துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடக்கும் மாசம் அது. சமமான தரை வேண்டும், காற்று எழும்புவதற்கு முன்னால் வேண்டும் என்றீர்கள். பெட்டியைத் திறந்தீர்கள். உள்ளே ஒரு ஹெலிகாப்டர் படுத்திருந்தது. ஒன்றரை முழ நீளம். தலைக்குமேல் நீளமாக இரண்டு றெக்கை, வால் நுனியில் சின்னதாக இரண்டு. எட்டிப் பார்த்த உங்கள் அண்ணி, "தும்பி கணக்கா இருக்குது. ரெண்டு கெழவனும் இன்னா, தும்பி புடிக்கப் போறீங்களா?" என்றாள். அன்றிலிருந்து அதற்குத் தும்பி என்றே பேர் நின்றுவிட்டது.

உங்களோடு மாற்றி மாற்றிக் கிரேன் ஓட்டின பிலிப்பைன்ஸ்காரர் ஒருத்தர் ஊருக்குப் போகும்போது உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். வெள்ளிக்கிழமை காலையில் கேம்புக்குப் பின்னால் மணலில் இரண்டு பேரும் பறக்க விடுவீர்களாம். சொல்லிக்கொண்டே ரிமோட்டை எடுத்து என் கையில் வைத்தீர்கள். எனக்கெதற்கு என்று திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. உங்கள் வலதுகையை என் முகத்துக்கு நேராக நீட்டினீர்கள். மல்லாட்டை சலிக்கிறவள் கை மாதிரி அது தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"போதும்னு நான் வரல அண்ணே. கை ஆடுதுன்னு டாக்டரு கீழ இறக்கி வுட்டாரு. இங்க ஒருத்தருக்கும் தெரியாது."

கையை மடக்கி ஜேபிக்குள் வைத்துக்கொண்டீர்கள். ரம்ஜான் பெருநாள் முடிந்ததும் பையன் வந்து உங்களையும் அவன் அம்மாவான தங்கச்சியையும் மெட்ராசுக்கு அழைத்துப்போய் வைத்தியம் பார்க்கப் போகிறான், இனி அங்கேதான் இருப்பு என்றீர்கள். அடுத்து நீங்கள் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"கப்பலு, ஏரோப்ளேனு, பொட்டி, எல்லாமே என்ன வுட்டுப் போறதத்தான் பாத்துக்கினு இருந்தேன். பெருநாளைக்குள்ள ஒரு தடவ இது என் மூஞ்சியப் பாத்து வரணும் அண்ணே. என் கை போச்சு. உங்க கை கீதுல்ல, மாட்டுக் கயிறு புடிச்ச கை."

ஹெலிகாப்டரை நான் தேர்தல் சமயத்தில் அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் அப்படிக் கேட்ட மனுஷரிடம் எப்படி முடியாது என்பது?

அந்த ரிமோட்டில் இங்கிலீஷ் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி நெடுக இருந்தது. உங்கள் அண்ணியிடம் ஒட்டுப் பொட்டு அட்டையை வாங்கினீர்கள். றெக்கையை உடனே நிறுத்தும் பொத்தானுக்குச் சிவப்புப் பொட்டு. ஆன் செய்வதற்குக் கறுப்புப் பொட்டு. "என் பொட்டயெல்லாம் பொம்மைக்கு வெச்சிட்டீங்க, திருவிழாவுக்கு நான் மொட்ட நெத்தியோட போவணுமா?" என்று அவள் சண்டைக்கு வந்தாள். ஆனால் பொட்டை நேராக ஒட்டினதும் அவள்தான். உங்கள் கை ஒட்டினது கோணலாக இருந்தது.

குச்சி இரண்டு. இடதுகைக் குச்சியை மேலே தள்ளினால் தும்பி ஏறும், இறக்கினால் இறங்கும். அதையே பக்கவாட்டில் தள்ளினால் வால் திரும்பும். வலதுகைக் குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தும்பி சாய்ந்து நகரும். கேட்கும்போது இவ்வளவுதானா என்றிருந்தது. முதல்நாள் இரண்டு விரற்கடை உயரம் ஏறுவதற்குள் அது களம் பூராவும் வழுக்கிக்கொண்டு ஓடியது, குடித்தவன் நடக்கிற மாதிரி. அதற்குத்தான் மறுநாள் நான் மூங்கிலைப் பிளந்து இரண்டு சிம்பு சீவி, பெருக்கல் குறி மாதிரி தும்பியின் காலில் கட்டினேன். நாலு முனையிலும் நாலு மஞ்சள் பந்து. அதனால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கவிழாது.

நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வீர்கள். அதிகம் சொல்ல மாட்டீர்கள். குச்சியைப் பிடித்து இழுக்காதீர்கள், தொட்டாலே போதும். சாய்ந்த பிறகு திருத்தாதீர்கள், சாயப் போகும்போதே தொடுங்கள். எனக்கு அது புதிது இல்லை. நல்ல மாட்டுக்குக் கயிறு ஆடினாலே போதும். இறக்கத்தில் வண்டி ஓடத் தொடங்கின பிறகு இழுத்துப் பிரயோஜனம் இல்லை, ஓடப் போகிறது என்று தெரிகிறபோதே இழுக்க வேண்டும். நான் பயந்து தரையை ஒட்டியே ஓட்டினேன். தரைக்குப் பக்கத்தில்தான் அது அதிகமாக உதறும், இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அமைதியாக நிற்கும் என்றீர்கள். ஒருநாள் கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக ஏற்றினேன். நின்றது. களத்தின் நடுவில் இடுப்பு உயரத்தில் கட்டிப் போட்ட மாதிரி நின்றது.

ஒரு நாளைக்கு ஒரு பேட்டரி, ஏழு நிமிஷம், அவ்வளவுதான். இருந்த இரண்டில் ஒன்று ஊதிப்போய்விட்டது. பதினைந்தே நாளில் பந்துகளைக் கழற்றிவிட்டீர்கள். வாலை என் பக்கம் வைத்து, நான் பின்னாலிருந்து தும்பியைக் களத்தின் எந்த மூலைக்கும் ஓட்டிப் போய்க் கொண்டுவர முடிந்தது. "நீங்க போன பொறவியில பைலட்டு" என்றீர்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. உங்கள் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "முதுகக் காட்டிக்கினே போவுதே, எதிர்க்க வராதா?" என்று கேட்டாள்.

அதுதான் கேள்வி. நீங்கள் கேட்டதும் அதுதானே.

மறுநாள் தும்பியைத் திருப்பினேன். மூக்கு மெதுவாகச் சுழன்று என்னைப் பார்த்தது. பார்த்த அந்த நிமிஷத்தில் என் கைக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் போகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள். நாற்பது வருஷம் ஏருக்கும் வண்டிக்கும் பின்னாலேயே நடந்தவனுக்கு முன்னால் நின்று ஓட்டத் தெரியுமா? ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, தும்பிக்குப் பின்னால் போய்விடலாமென்று அதைச் சுற்றி ஓடினேன். அது என்னைவிட வேகமாகத் திரும்பியது. நான் மறுபடியும் ஓடினேன். கோவில் சுற்றுகிற மாதிரி களத்தில் இரண்டு சுற்று. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். மூன்றாவது சுற்றில், சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயில் கால் தடுக்கி நான் விழுந்தேன். தும்பியும் விழுந்தது.

றெக்கை இரண்டும் சிதறிப்போய்விட்டன. நடு அச்சு வளைந்துவிட்டது. நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்தீர்கள். தும்பியைப் பார்க்கவில்லை. என் முழங்கையைத் தூக்கிப் பார்த்து, ரத்தம் வருகிறது, கழுவுங்கள் என்று மட்டும் சொன்னீர்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே இருந்துவிட்டு உங்களுக்கென்று கொண்டுவந்தது அந்த ஒன்றுதான்.

மெட்ராசில் ஒரு கடைக்கு போன் போட்டு உதிரிச் சாமான் சொன்னீர்கள். வருகிறது, வருகிறது என்றார்கள். ரம்ஜான் நோன்பு தொடங்கிவிட்டது. நீங்கள் சும்மா இருக்கவில்லை. விடிகாலைத் தொழுகையை முடித்துக்கொண்டு தினமும் களத்துக்கு வந்தீர்கள். நோன்பிருக்கிறவர் எதிரில் டீ குடிக்கக் கூடாதென்று நான் நீங்கள் போகிறவரைக்கும் குடிக்க மாட்டேன். அதைக் கண்டுபிடித்து ஒருநாள் கோபித்துக்கொண்டீர்கள். "எனக்குத்தான் நோன்பு, உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

தும்பி இல்லாததால் நீங்களே தும்பியானீர்கள். பத்து எட்டுத் தள்ளி என்னைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்வீர்கள். பேட்டரி இல்லாத ரிமோட்டில் நான் குச்சியைத் தள்ள வேண்டும். நான் தள்ளினதெல்லாம் தப்பு. உங்கள் வலது எது, என் வலது எது என்று மனசுக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் தும்பி நாலு தடவை விழுந்திருக்கும். வாசல் பெருக்க வந்த உங்கள் அண்ணி விளக்குமாறோடு நின்று பார்த்தாள். "பாய்க்குத்தான் நோன்பு மயக்கம். உனக்கு இன்னா கேடு?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனாள்.

நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். "வலது எடதுன்றத வுட்டுடுங்க அண்ணே. அன்னிக்கு வண்டியில திரும்பி உக்காந்துக்கினு சோத்தாங்கைன்னு சொல்லி உங்களப் பள்ளத்துல எறக்கினேனே, அதே கதைதான் இது. கிரேன்ல வலது எடதுன்ற பேச்சே கெடையாது. கீழ நிக்கறவன் கை எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம். இங்கயும் ஒண்ணுதான். எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கமே குச்சியத் தள்ளுங்க. சாயற பக்கம் முட்டுக் குடுங்க."

காதுக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. சாய்வதைக் கண்டால் எதிர்ப்பக்கம் இழுக்கத்தான் என் கைக்குத் தெரியும். அப்படித்தான் வலத்து மாடு ஒதுங்கினால் இடத்து மாட்டின் பக்கம் இழுப்பேன்.

ஒருநாள், அது நோன்பில் பாதி கடந்திருக்கும், நீங்கள் வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். சாய்ந்தவர் நிமிரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. சாய்ந்துகொண்டே போனீர்கள். என் கையிலிருந்த ரிமோட்டை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. ஓடிவந்து நீங்கள் சாய்கிற பக்கத்தில் புகுந்து, அக்குளுக்குக் கீழே தோளைக் கொடுத்தேன். உங்கள் பாரம் முழுவதும் என் தோளில் வந்து இறங்கியது. அந்தக் கை என் கழுத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தேன். வாயில் ஒரு மிடறு ஊற்றப் போனேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தீர்கள்.

"எந்தப் பக்கம் வந்து புடிச்சீங்க?"

"நீங்க சாஞ்ச பக்கம்."

"வலதா, எடதா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், உண்மையிலேயே தெரியவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். "அவ்ளோதான் அண்ணே. கத்துக்கினீங்க."

அந்த வாரமே விழுப்புரத்துக்குப் பார்சல் வந்துவிட்டதாக போன் வந்தது. அந்த நிலைமையில் உங்களை பஸ்ஸில் விடக் கூடாதென்று நான்தான் போனேன். பார்சல் ஆபீஸில் இருந்த தம்பி பேரைப் படித்துப் பார்க்கச் சொன்னான். படிப்பு இல்லை தம்பி, பெட்டிமேல் பறக்கிற சாமான் படம் போட்டிருக்கும் என்றேன். தேடி எடுத்துக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டான். "உள்ள இன்னா பெரியவரே?" என்று கேட்டான். றெக்கை என்றேன். யாருக்கு என்றான். எனக்குத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினான். திண்டிவனம் வருகிற வரைக்கும் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

பூட்டும்போதுதான் தெரிந்தது, மூன்று பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் என்று. எதை எங்கே பூட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், கை நிற்காது. என் கை நிற்கும், கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. எள்ளளவு திருகாணியை எடுத்து ஓட்டையில் வைக்க, பூக்கட்டிப் பழகின உங்கள் அண்ணியின் விரல் வேண்டியிருந்தது. "எதிர்க்க வரலன்னா இத்த அடுப்புல வெச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டேதான் கடைசித் திருகாணியை முடுக்கினாள்.

மிச்சமிருந்த நாளில் தினம் ஏழு நிமிஷம். மறுபடியும் மூங்கிலையும் பந்தையும் கட்டினோம். மூக்கை என் பக்கம் திருப்பி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, உடனே வாலைத் திருப்பிவிடுவேன். பிறகு இரண்டு மூச்சு. பிறகு ஐந்து. என் கால் மட்டும் பின்னால் ஓடத் துடித்துக்கொண்டே இருந்தது. பெருநாள் அன்று நீங்கள் தூக்கில் பிரியாணி கொடுத்தனுப்பினீர்கள். பையன் வந்துவிட்டான், நாளைக் காலை கிளம்புகிறோம் என்றும் சொல்லியனுப்பினீர்கள்.

மறுநாள் விடிகாலையில் பையனோடு காரிலேயே களத்துக்கு வந்து இறங்கினீர்கள். புதுச்சட்டை. பையன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, வெயிலு ஏர்றதுக்குள்ள போயிடணும்" என்றான். ஏழே நிமிஷம் தம்பி என்றேன். பந்துகளைக் கழற்றச் சொன்னீர்கள். கழற்றினேன். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். பிறகு ஒரு வேலை செய்தீர்கள், என் வேட்டியின் முனையை எட்டிக் கையில் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஓடிடக் கூடாதுல்ல" என்றீர்கள்.

தும்பி ஏறியது. வாலைக் காட்டியபடி களத்தின் அந்தக் கோடிக்குப் போனது. அங்கே நிறுத்தினேன். இடதுகைக் குச்சியை லேசாகத் தொட்டேன். மூக்கு சுழன்று, சுழன்று, நம்மைப் பார்த்து நின்றது. என் கால் கிளம்பிவிட்டது. வேட்டி இழுத்துப் பிடித்தது. உங்கள் கை ஆடுவது வேட்டி வழியாக என் இடுப்பு வரைக்கும் தெரிந்தது. தும்பி ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கமே தொட்டேன். நிமிர்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் தொட்டேன். குச்சியை மயிரளவு முன்னால் தள்ளினேன். வரத் தொடங்கியது. களத்தின் நடுவைத் தாண்டி, தார்ப்பாயைத் தாண்டி, உங்கள் முகத்தைப் பார்த்து, அவசரமில்லாமல் வந்தது. ஐந்து எட்டு இருக்கும்போது நிறுத்தி இறக்கினேன். சிவப்புப் பொட்டை அழுத்தினேன். றெக்கை சுற்றிச் சுற்றி அடங்கியது.

வேட்டி முனை இன்னும் உங்கள் கையிலேயே இருந்தது.

பிறகு நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "எனக்கே இது வந்ததில்ல அண்ணே."

நான் திரும்பிப் பார்த்தேன். "பின்ன எனக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"அந்த ஆளு எனக்குச் சொன்னத உங்களுக்குச் சொன்னேன். அவன் சொல்றப்பல்லாம் நானும் சுத்திக்கினு பின்னாடிதான் ஓடுவேன். மணல்ல வுழுந்ததால தும்பி பொழச்சிது."

நான் சிரிக்கத் தொடங்கினேன். நீங்களும் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கீழே விழுந்து றெக்கையை உடைத்த அன்று நீங்கள் அப்படிச் சிரித்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தும்பியை என்னிடமே விட்டுவிட்டுக் காரில் ஏறினீர்கள். தங்கச்சி முன்சீட்டில் இருந்தது. பையன் டிரைவரை எடுக்கச் சொல்லிவிட்டு உங்களுக்கு இடது பக்கம் ஏறப் போனான். அந்தப் பக்கம் வேண்டாம் தம்பி, இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், அத்தா இந்தப் பக்கம்தான் சாய்வார் என்றேன். அவன் சுற்றி வந்து உட்கார்ந்தான். கார் கிளம்பினபோது நீங்கள் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று நினைத்துக் கையைத் தூக்கி வைத்திருந்தேன். நீங்கள் திரும்பவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனீர்கள். அது எனக்கு நிறைவாக இருந்தது பாய்.

இரண்டு வருஷம் கழித்து உங்களைக் கோட்டக்குப்பத்துக்கே கொண்டுவந்தார்கள். நானும் வந்திருந்தேன். எல்லோரும் மூன்று கைப்பிடி மண் போட்டபோது எனக்கும் இடம் விட்டார்கள். போட்டேன். பேட்டரி அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. தும்பி தகரப் பெட்டியில் துணி சுற்றிப் படுத்திருக்கிறது. ரிமோட்டில் சிவப்புப் பொட்டு இன்னும் விழவில்லை.

இப்போது பந்தை எதற்குத் தேடினேன் என்று சொல்கிறேன். போன தை மாசம் உங்கள் அண்ணிக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டது. பயப்படும்படி இல்லை, வாய் முன்னைப்போலவேதான் இருக்கிறது. தினமும் நடக்க வேண்டும், வராத கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கி அமுக்கிப் பழக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் சொன்னாள். வேறு பந்து வாங்கலாம் என்றான் மகன். வீட்டிலேயே இருக்கிறது என்று நான்தான் பரணில் ஏறினேன்.

பந்தைக் கையில் வைத்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "பாயோட பந்துல்ல?" என்றாள். ஐந்து விரலும் அதைச் சுற்றி மடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மடங்கியது.

பிறகு இருவரும் களத்தில் நடக்க இறங்கினோம். காற்று இன்னும் எழும்பவில்லை. பழக்கதோஷத்தில் நான் இரண்டு எட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அவள் நின்று, திரும்பாமலேயே சொன்னாள்.

"இன்னாய்யா மாட்டுப் பின்னாடி வர்ற மாதிரி வர்றே? பக்கத்துல வா."

போனேன். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை.